மூன்றாவது ராசாவின் வலது கால்

இந்த ஆய்வகத்தில் முப்பத்தொரு வருஷம் நான் நின்ற மேசை முன்னால் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். கோட்டு புதுசு, கையுறை புதுசு, கண்ணில் கொஞ்சம் மிதப்பும் தெரிகிறது. தப்பில்லை, எனக்கும் இருந்தது. பழைய ஓவியத்தை எதைக் கொண்டு துடைப்பது, எவ்வளவு அழுத்தித் துடைப்பது என்பதையெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தருவார்கள். அதற்கு நான் வேண்டாம். நான் செய்த ஒரு தப்பைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அந்தத் தப்பைச் செய்த அதே வாரத்தில்தான், என் வேலையிலேயே நான் மிகவும் பெருமைப்படுகிற காரியத்தையும் செய்தேன். இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது, சேர்த்தே கேளுங்கள்.

நான் கீழக்கரைக்காரி. எங்கள் வீட்டுச் சுவரில் மனித முகம் போட்ட படம் ஒன்றுகூடக் கிடையாது, வாப்பாவின் கட்டளை அப்படி. காலண்டரில்கூடக் கப்பல்தான் இருக்கும். வேதியியல் படித்த மகள் பழைய படங்களுக்கு வைத்தியம் பார்க்கிற வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும், உம்மா ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் கேட்டார்: “நீ படம் வரையப் போறியா, அடுத்தவுக வரைஞ்சதக் காப்பாத்தப் போறியா?”

“காப்பாத்தத்தான் உம்மா.”

“அப்பப் போ. அமானிதமா நெனச்சுப் பாரு.” அமானிதம் என்றால் நம்மை நம்பி ஒருவர் ஒப்படைத்த பொருள். அதில் ஒரு நூல்கூடக் குறையாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வேலையில் சேர்ந்து பல வருஷம் கழித்து மூன்று மாதப் பயிற்சிக்கு என்னை இத்தாலிக்கு அனுப்பினார்கள். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஓவியங்கள், மறுமலர்ச்சிக் காலம் என்று பாடத்தில் படிக்கிறோமே, அந்தக் காலத்தவை, அங்கே சுவர் சுவராக இருந்தன. அவற்றில் அங்கங்கே கறுப்பு மனிதர்களைப் பார்த்தேன், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். ஒருவர் படகில் துடுப்புப் போடுகிறார். ஒருவர் குழல் ஊதுகிறார். ஒரு பெண் சீமாட்டியின் பின்னால் தட்டு ஏந்தி நிற்கிறாள். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராசாக்களில் ஒருவர் பல படங்களில் கறுப்பராகவே இருந்தார். எங்களுக்குப் பாடம் எடுத்தவர் சீமாட்டியின் வெல்வெட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசினார், அவள் கழுத்து முத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். தட்டு ஏந்தி நிற்பவள் யார் என்று கேட்டேன். தெரியாது என்று தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். படத்திலிருந்த நாய்க்குட்டிக்குக்கூடப் பெயர் எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இல்லை. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பொய் சொல்ல மாட்டேன், மறுநாளிலிருந்து நானும் வெல்வெட்டைப் பார்த்துத்தான் குறிப்பெடுத்தேன். பரீட்சையில் அதைத்தானே கேட்பார்கள்.

இனி கதைக்கு வருகிறேன். நான் ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தபோது, திருப்புல்லாணிக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரிலிருந்து கடிதம் வந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம், சொன்னால் நாளைக்கே வேடிக்கை பார்க்கப் பஸ் ஏறிவிடுவீர்கள். மீன் பிடிக்கிற ஊர், முன்பு சங்கு குளித்த ஊர், ஊர் முழுக்கக் கத்தோலிக்கர்கள். அவர்கள் கோயிலில் போர்த்துகீசியர் காலத்துத் தேக்குப் பலகை ஒன்று இருக்கிறது. மூன்று ராசாக்கள் குழந்தை இயேசுவுக்குக் காணிக்கை கொடுக்கிற படம் அதில் வரைந்திருக்கிறது. பலகை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். ஆகவே என் பாட்டில்களையும் பஞ்சையும் ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு நான்தான் தினமும் ராமநாதபுரத்திலிருந்து போய் வந்தேன். பீடத்துக்குப் பின்னால் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். மூவரசர் திருநாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. அதற்குள் அழுக்கெடுத்துப் பளிச்சென்று கொடுக்க வேண்டும் என்றார் ஊர்த்தலைவர் இன்னாசி. ஐம்பத்தைந்து வயது இருக்கும், இரண்டு விசைப்படகுக்குச் சொந்தக்காரர், பேச்சில் ஒரு தோரணை உண்டு.

படத்தில் இரண்டு ராசாக்கள் செருப்புப் போட்டிருந்தார்கள். மூன்றாமவர் வெறுங்காலோடு வலது காலை முன்னால் வைத்து நின்றார். மூவருக்கும் முகம் வெளுப்பு. ஆனால் மூன்றாமவர் முகத்திலும் கையிலும் மட்டும் பிற்காலத்தில் யாரோ எனாமல் பூசியிருப்பது தெரிந்தது. வெள்ளையடிக்க வந்த பெயின்டர் கையோடு இதையும் முடித்துவிட்டுப் போயிருப்பார் போல. காலை யாரும் தொடவில்லை. அழுக்கில் அது கறுத்துக் கிடப்பதாக நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் சின்னச் சின்னச் சேதங்களைப் பார்த்தேன். பூச்சி துளைத்த ஓட்டைகள், பெயர்ந்த இடங்கள். அந்த வலது காலில், பெருவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவிலிருந்து புறங்கால்வரை வெளிறிய கோடு ஒன்று ஓடியது. என் நோட்டில் ‘கீறல், பின்னாளைய சேதம்’ என்று எழுதினேன். பூச்சு வைத்து அடைத்தேன், பக்கத்து நிறத்தைப் பார்த்து மேலே நிறம் கொடுத்தேன். அவ்வளவு நன்றாகச் செய்தேன் என்றால், மறுநாள் நானே தேடினாலும் அது கிடைத்திருக்காது. அதில் எனக்கு ஒரு சந்தோஷம் வேறு. பூதக்கண்ணாடி பையில்தான் இருந்தது, நான் எடுக்கவில்லை.

இரண்டாம் நாள் பிலோமினா வந்தாள். நாற்பது வயதுக்காரி. வாரத்தில் நாலைந்து நாள் தீவுப் பக்கம் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கப் போவாள், மற்ற நாள் கோயிலைக் கூட்டிப் பெருக்குவாள். நல்ல கறுப்பு, சுருட்டை முடி. கதவோரமே நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“அக்கா, அந்த மூணாவது ராசா மூஞ்சி முந்தி இப்படி இல்லயாம். எங்க அய்யா சொல்வாக.”

“எப்படி இருந்துச்சாம்?”

“எங்க நெறமாம்.”

அப்புறம் உட்கார்ந்து முழுக்கச் சொன்னாள். திருநாளன்று மூன்று வீட்டார் மூன்று தாம்பாளம் ஏந்திப் பீடத்துக்குப் போவது அந்த ஊர் முறை. பொன் ஒரு வீட்டுக்கு, சாம்பிராணி ஒரு வீட்டுக்கு, வெள்ளைப்போளம் என்கிற வாசனைப் பிசின் ஒரு வீட்டுக்கு. மூன்றாவது தாம்பாளம் இவர்கள் வீட்டுக்கு உரியதாக இருந்தது. அந்த வீட்டுக்கு ஊரில் ‘காப்பிரி வீடு’ என்று பெயர். ஆப்பிரிக்காக்காரர்களை இந்தக் கரையில் அப்படித்தான் சொல்வார்கள். போர்த்துகீசியர் கப்பலில் வந்தவர்களில் சிலர் இங்கேயே தங்கிவிட்டதாகப் பேச்சு. எழுத்தில் ஒன்றும் இல்லை.

“மூஞ்சியில வெள்ளப் பெயின்ட் அடிச்சதுக்குப் பெறகு, ராசாவே வெள்ளையா இருக்காரு, இவங்க எதுக்குத் தூக்கணும்னு கேட்டாகளாம். எங்க அய்யாவுக்கு அப்பப் பத்து வயசு. அவுக அப்பா கையிலேருந்து தாம்பாளத்த வாங்கினதப் பாத்துக்கிட்டு நின்னாகளாம். இப்பத் தலைவர் வீடுதான் தூக்குது. எங்களுக்குப் பேரு மட்டும் மிச்சம். எம் மக காலேஜுல படிக்கிறா. எந்த ஊருன்னு கேட்டாச் சொல்றா, எந்த வீடுன்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்கிறா. அய்யா சொன்னது நெசமா இருந்தாப் போதும்க்கா. வேற ஒன்னும் வேணாம்.”

வாக்குக் கொடுக்கவில்லை. நம் வேலையில் வாக்குக் கொடுக்கக் கூடாது. ஆனால் அவள் போனதும் கன்னத்தில் ஒரு பட்டாணி அளவு இடத்தில் எனாமலை எடுத்துப் பார்த்தேன். அடியில் பழுப்பும் கறுப்பும் கலந்த தோல் நிறம்.

நாலாம் நாள் முகம் முழுதும் வெளியே வந்தது. உங்களுக்கு அதை எப்படிச் சொல்வேன்? மற்ற இரண்டு ராசாக்களின் முகம் ஏதோ ஐரோப்பிய அச்சுப் படத்தைப் பார்த்து வரைந்தது, அதில் உயிரில்லை. இவர் முகம் அப்படி இல்லை. இடது புருவம் நடுவில் அறுந்திருக்கிறது. கீழ் உதடு கடல் காற்றில் வெடித்திருக்கிறது. ராசாவாக நிற்கச் சொன்னதற்காக நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறார், ஆனால் கண்ணில், ‘எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்’ என்ற கேள்வி இருக்கிறது. ஒரு மனிதரை எதிரே நிறுத்திப் பார்த்து வரைந்தால் மட்டும்தான் அப்படி வரும். அந்த அறையில் தனியாக உட்கார்ந்து அவரிடம் ஸலாம் சொன்னேன். வாப்பா மன்னிக்கட்டும்.

சாயங்காலம் இன்னாசி இரண்டு பேரோடு வந்தார். படத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

“என்ன மேடம் இது? சுத்தம் பண்ணத்தான சொன்னோம், ஆளையே மாத்தச் சொன்னமா?”

“மாத்தலங்க. மேல இருந்த பெயின்ட்டத்தான் எடுத்தேன். இதுதான் பழசு.”

“மெழுகுவத்திப் புகை படிஞ்சு கறுத்திருக்கும். நாங்க பொறந்ததிலேருந்து வெள்ளையாத்தான் பாத்திருக்கோம். பழையபடி ஆக்கிக் குடுங்க.”

“அது என்னால முடியாதுங்க.”

அவர் நேரே என் மேலதிகாரிக்குப் போன் போட்டார். கொஞ்ச நேரத்தில் எனக்குப் போன் வந்தது. “ஊரு எப்படிக் கேக்குதோ அப்படிச் செஞ்சு குடுத்துட்டு வாங்க. மேல ஒரு மெல்லிய பூச்சுதான, பின்னாடி யாராவது எடுத்துக்கட்டும். ரிட்டயர் ஆகப் போற நேரத்துல எதுக்கு வம்பு?” பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. நாம் செய்வதெல்லாம் திரும்ப எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது நம் விதி. அந்த விதியைச் சொல்லியே என்னைப் பொய் செய்யச் சொன்னார். எழுத்தில் கொடுங்கள், செய்கிறேன் என்றேன். எழுத்தில் வரவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே, உங்களுக்கும் உதவும்.

பங்குச் சாமியார் இடையில் மாட்டிக்கொண்டு தவித்தார், நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊரைக் கூட்டிப் பேசிவிடலாம் என்றார். பலகையைப் பீடத்துக்கு முன்னால் தூக்கி வைத்தார்கள். ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. பிலோமினா தூணோரம், அவள் அய்யா என்று சொல்கிற தன் அப்பா மிக்கேலோடு நின்றாள். எழுபது தாண்டியவர், அந்தக் காலத்தில் சங்கு குளித்தவர், இப்போது காது மந்தம்.

நான் எழுந்து பேசினேன். இது புகை இல்லை, புகை பஞ்சில் வந்துவிடும், இது சாயம் என்று காட்டினேன். ஐரோப்பாவிலும் அந்தக் காலப் படங்களில் மூன்றாவது ராசாவைக் கறுப்பராகத்தான் வரைவார்கள் என்று, படித்த கெட்டிக்காரத்தனத்தில் அதையும் சேர்த்துச் சொன்னேன். இன்னாசி அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

“கேட்டீகளா? வெளிநாட்டுப் படத்தப் பாத்து வரைஞ்சதுன்னு மேடமே சொல்லிட்டாக. கறுப்புன்னா கறுப்பாவே இருக்கட்டும். அதுக்கும் காப்பிரி வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பிலோமினா தலையைக் குனிந்துகொண்டாள். என் வாயாலேயே அவள் வழக்கை நான் தோற்கடித்துவிட்டேன் என்று எனக்குத் தோன்றியது. அப்போது அவள் பலகைக்குப் பக்கத்தில் வந்தாள். குனிந்து தொட்டுக் கும்பிடப் போனவள் கையை இழுத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அக்கா, கால்ல இருந்த தழும்பு எங்க?”

“எந்தத் தழும்பு?”

“வெரலுக்கு நடுவுல இருக்குமே. கூட்டிப் பெருக்கிட்டு நான் அதத் தொட்டுத்தான கும்பிடுவேன். எங்க அய்யா கால்லயும் இருக்கு.”

அதை நான்தான் அடைத்தேன். சேதம் என்று எழுதி, அழகாக மூடி, சந்தோஷப்பட்டவள் நான்தான். இப்போது என்ன செய்வது? ‘அது வெறும் கீறல்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் மரியாதை அப்படியே இருக்கும். மூடினேன் என்று ஒப்புக்கொண்டால், ‘காலை மூடின கைதானே முகத்தையும் மாற்றியிருக்கும்’ என்று இன்னாசி கேட்பார், அதற்குப் பதில் கிடையாது. ஊர் முழுக்க என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதில் கிடையாது என்று தெரிந்தேதான் வாயைத் திறந்தேன்.

“அது என் தப்பு. பெயின்ட் பெயர்ந்த இடம்னு நெனச்சு நான்தான் அடைச்சேன். இவகிட்டக் கேட்டிருக்கணும், கேக்கல. இப்பவே உங்க முன்னாலயே எடுக்குறேன். யாரு வேணும்னாலும் பக்கத்துல வந்து பாருங்க.”

“இது வேறயா?” என்றார் இன்னாசி. ஆனால் முதல் ஆளாக வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றதும் அவர்தான். நான் பஞ்சை நனைத்து ஒற்ற ஆரம்பித்தேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். கோடு மெல்ல வெளியே வந்தது. இந்தத் தடவை பூதக்கண்ணாடியை எடுத்தேன். கீறலே இல்லை. வெளிறிய சாயத்தில் ஒரு கோடு, பக்கத்தில் நிழலுக்கு ஒரு கறுத்த கோடு, இரண்டும் தூரிகை இழுத்தவை. ஓவியர் அந்தத் தழும்பைப் பார்த்து, வேண்டுமென்றே வரைந்திருக்கிறார். கண்ணாடியை இன்னாசியிடம் கொடுத்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

அதற்குள் மிக்கேல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார். பலகைக்குப் பக்கத்தில் தன் வலது காலை வைத்தார். அதே இடம், அதே கோடு, விரலிடுக்கிலிருந்து புறங்கால்வரை.

“கல்லுக்கயிறு,” என்றார், காது கேளாதவர்களின் உரத்த குரலில். “கயித்த வெரலிடுக்குல புடிச்சுக்கிட்டுத்தான் கல்லோட அடிக்கு எறங்குவோம். வருசக்கணக்கா அறுத்தா இப்படித்தான் ஆகும். இந்த ஆளு ராசா இல்ல. குளியாளு.”

சீமையிலிருந்து வந்த எந்த அச்சுப் படத்திலும் அந்தத் தழும்பு இருந்திருக்காது. இங்கே, இந்தக் கடலில், யாருக்காகவோ முத்துக்கும் சங்குக்கும் மூழ்கி மூழ்கி எழுந்த ஒரு கறுப்பு மனிதரை, ஓவியர் கூப்பிட்டு ராசாவாக நிறுத்தியிருக்கிறார். கிரீடம் வைத்தார், பட்டு உடுத்தினார், செருப்பை மட்டும் மாட்டவில்லை. ஏன் என்று தெரியாது. அந்தக் காலை மறைக்க மனம் வரவில்லை என்று நான் நினைக்கிறேன்.

இன்னாசி கண்ணாடியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். தோரணையெல்லாம் எங்கோ போயிருந்தது. “எங்க அய்யாவுக்கும் இருந்துச்சு,” என்றார் மெதுவாக. “காலுல எண்ணெ தேச்சு விடச் சொல்வாக. நான் தேச்சு விட்ருக்கேன்.” பிறகு ஊரைப் பார்த்துத் திரும்பினார். “வெள்ளைன்னு சொல்லித்தான் அந்த வீட்டுக்கிட்டேருந்து தாம்பாளத்த வாங்கினோம். இப்ப வெள்ளை இல்ல. வச்சிருக்குறது முறையில்ல.”

ஒருவர் எழுந்து ஏதோ ஆரம்பித்தார். “ஏலே, ஒக்காரு,” என்றார் இன்னாசி. அவர் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் குளியாள் பிலோமினா வீட்டு முன்னோரா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியாது. என் அறிக்கையிலும் தெரியாது என்றுதான் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தப் படத்திலிருக்கும் ஆட்களைப் பட்டியல் போட்டபோது ‘மூன்றாவது ராசா’ என்று எழுதி, அதற்குக் கீழே ‘இதற்கு நின்றவர்: ஆப்பிரிக்கர், இந்தக் கரையில் சங்கோ முத்தோ குளித்தவர், பெயர் கிடைக்கவில்லை’ என்று ஒரு வரி சேர்த்தேன். பெயர் கிடைக்கவில்லை என்று எழுதினால், பெயர் ஒன்று இருந்தது என்று அர்த்தம். முப்பத்தொரு வருஷத்தில் நான் எழுதிய வரிகளிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். சும்மா அடக்கமாகப் பேசி என்ன ஆகப் போகிறது, எனக்கு அதில் ரொம்பப் பெருமை. ‘கீறல், பின்னாளைய சேதம்’ என்று எழுதிய நோட்டுப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் ‘தவறு, என்னுடையது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கோப்பில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். ஓர் இடத்தில் சேதம் என்று எழுதுவதற்கு முன்னால் அந்த இடத்தைத் தினமும் பெருக்குகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எனக்கு அதைக் கற்றுக்கொள்ள ஓய்வுக்கு முந்தைய வருஷம்வரை ஆகிவிட்டது.

திருநாளுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கடைசி வரிசையில் நின்றேன். பொன் போனது, சாம்பிராணி போனது. மூன்றாவது தாம்பாளத்தை இன்னாசி தன் கையாலேயே கொண்டுவந்து மிக்கேலிடம் நீட்டினார். அவர் வாங்கி மகளிடம் கொடுத்தார். அதுவரை பெண்கள் யாரும் அதைத் தூக்கியதில்லை. பிலோமினா தயங்கினாள். அவளுடைய காலேஜுப் பெண் பின்னாலிருந்து முதுகில் கைவைத்து, “போம்மா” என்றாள். போனாள். அந்தப் பெண்ணும் கூடவே போனாள், தலை நிமிர்ந்து, எல்லாரும் பார்க்க. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மிக்கேல் அவர்களோடு பீடத்துக்குப் போகவில்லை. ஓரமாக நிறுத்தியிருந்த பலகைக்கு முன்னால் போய் நின்றார். தன் குரல் கோயில் முழுக்கக் கேட்கிறது என்று அவருக்குத் தெரியாது. பாட்டுக்காரர்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

“எந்த ஊருலேருந்து புடிச்சிட்டு வந்தாகளோ, தெரியலய்யா. திரும்பிப் போக வழியும் இருந்திருக்காது. இங்கனயே இருந்துக்கிரும். நாங்க இருக்கோம்.”